கல்லீரல் அழற்சியில் சுய எதிர்ப்பொருள்: ஒரே ‘பாசிட்டிவ்’, இரண்டு பொருள்

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் இடைப்பட்ட ஊர்களிலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு வருகிறவர்களில் பலர், பழைய அறிக்கைகளை நான்காக மடித்து, மழையில் நனையாதபடி பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரப்படுத்திக் கொண்டுவருவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரே வாரத்தில் அப்படி இரண்டு உறைகள் என் மேசைக்கு வந்தன. ஒன்று, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் 24 வயதுப் பெண்ணுடையது. மற்றொன்று, கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் 51 வயது லாரி ஓட்டுநருடையது. இருவருக்கும் மாதக்கணக்கில் அசதி, பசியின்மை; இருவருக்கும், கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.பி.டி. என்ற நொதியின் அளவு கூடியிருந்தது, இருவர் அறிக்கையிலும் ‘ஏ.என்.ஏ. பாசிட்டிவ்’ (செல்லின் கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள் உண்டு) என்ற வரி தடித்த எழுத்தில் இருந்தது. அந்தப் பெண்ணின் தாயார், “ஒடம்பே ஒடம்பத் தின்னுற நோய்னு சொல்றாங்களே, நெசமா சார்?” என்று கேட்டார். இரண்டு நாள் கழித்து ஓட்டுநரும் ஏறக்குறைய அதையே கேட்டார்.

கேள்வி ஒன்றுதான், பதில் ஒன்றல்ல. அந்தப் பெண்ணுக்கு இருந்தது, உடலின் எதிர்ப்பாற்றல் தன் கல்லீரலையே தாக்கும் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ். ஓட்டுநருக்கு இருந்தது ஹெபடைட்டிஸ் சி வைரஸ் தொற்று. முதலாவதற்கு எதிர்ப்பாற்றலை அடக்க வேண்டும். இரண்டாவதற்கு வைரஸை ஒழிக்க வேண்டும். ஆளை மாற்றி மருந்து கொடுத்தால் இரண்டு கல்லீரல்களும் கெடும். அப்படியிருக்க, இருவர் அறிக்கையிலும் ஒரே சொல் எப்படி வந்தது என்பதைத்தான் இக்கட்டுரை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது.

எதிர்ப்பொருள் என்பது என்னவென்று நீலகிரியில் வாழ்கிறவர்களுக்குப் புரியவைப்பது எளிது. 1907இல் குன்னூரில் தொடங்கிய பாஸ்டர் நிலையம், வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த இடம் என்று எல்லோருக்கும் தெரியும். செயலிழந்த வைரஸை உடலுக்குள் செலுத்தினால், அதன் உருவத்தோடு பூட்டும் சாவியும் போலப் பொருந்தும் புரதங்களை நம் ரத்தத்திலுள்ள பி செல்கள் உண்டாக்கும். அந்தப் புரதமே எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி. பிறகு உண்மையான வைரஸ் நுழையும்போது அது வைரஸின் மேல் ஒட்டிக்கொண்டு அதை முடக்கும். இந்த ஏற்பாட்டின் அடிப்படை நிபந்தனை, அந்நியத்தையும் தன்னையும் பிரித்தறிவது. பிரித்தறியத் தவறி, தன் உடலின் புரதத்தோடேயே ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் உருவானால், அதுவே சுய எதிர்ப்பொருள் அல்லது ஆட்டோஆன்டிபாடி எனப்படுகிறது.

அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதற்கும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் வரலாற்றிலேயே ஒரு வேதனையான சான்று உண்டு. தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை நம் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வார்கள். 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் உருவாக்கிய முறையைப் பின்பற்றி, இந்தியாவெங்கும் பல பத்தாண்டுகள் பயன்பட்ட அந்தத் தடுப்பூசி, செம்மறியாட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்கச் செய்து தயாரிக்கப்பட்டது. ஆட்டு மூளையில் நரம்புகளுக்கு உறையாக இருக்கும் மயலின் என்ற பொருள், மனித மயலினை மிகவும் ஒத்தது. ஊசி போட்டவர்களில் மிகச் சிலருக்கு, வைரஸுக்கு எதிராக எழ வேண்டிய எதிர்ப்பு ஆட்டு மயலினுக்கு எதிராகவும் எழுந்து, அங்கிருந்து தங்கள் மூளை, தண்டுவட நரம்புகளின் மேலேயே பாய்ந்து கைகால்களை முடக்கியது. இந்தத் தடுப்பூசி எண்ணற்ற உயிர்களைக் காத்தது என்பது உண்மை. இந்த ஆபத்து இருந்ததும் உண்மை. 2004இன் இறுதியில் இந்தியா அதன் உற்பத்தியைக் கைவிட்டு, நரம்புத் திசு கலவாத தடுப்பூசிக்கு முழுமையாக மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். உருவ ஒற்றுமையால் எதிர்ப்பாற்றல் ஏமாறுவது என்ற கருத்தை நான் பாடப்புத்தகத்தில் படித்தபோது மனத்தில் நின்றதைவிட, இந்த வரலாற்றை அறிந்தபோதுதான் ஆழமாகப் பதிந்தது.

மூடுபனி இறங்கிய மாலையில், காட்டெருமை துரத்தி ஒருமுறை அடிபட்ட நாய், புல்வெளியில் மேயும் தோடர் எருமையைக் கண்டும் குரைக்கும். நாயின் மேல் குற்றமில்லை; கொம்பின் வளைவும் கருத்த உடலும் அவ்வளவு ஒத்திருக்கின்றன. ஹெபடைட்டிஸ் சி வைரஸுக்கும் நம் கல்லீரல் செல்லிலுள்ள சி.ஒய்.பி.2டி6 என்ற நொதிக்கும் இடையே இத்தகைய ஒற்றுமை உண்டு. மெட்டோபிரோலால் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளைச் சிதைத்து வெளியேற்றும் வேலையை அன்றாடம் செய்யும் நொதி அது. வைரஸின் புரதத்தில் உள்ள சில அமினோ அமில வரிசைகள் இந்த நொதியின் வரிசைகளை ஒத்திருப்பதால், வைரஸுக்காக உருவான எதிர்ப்பொருள் நொதியின் மேலும் ஒட்டுகிறது. எல்.கே.எம்.1 என்று அறிக்கையில் வரும் சுய எதிர்ப்பொருளின் இலக்கு இந்த நொதிதான்.

வைரஸ் தொற்றியவர்களுக்குச் சுய எதிர்ப்பொருள் வருவதற்கு வேறு வழிகளும் உண்டு. கல்லீரல் செல்கள் உடைந்துகொண்டே இருந்தால், வழக்கமாக உள்ளே மறைந்திருக்கும் செல்கருவின் பொருள்களும் செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளும் வெளியே சிந்துகின்றன. எதிர்ப்பாற்றல் அவற்றைப் புதியவை என்று எண்ணிவிடலாம். ஹெபடைட்டிஸ் சி வைரஸ் பி செல்களையே ஓயாமல் தூண்டிக்கொண்டிருப்பதால், தேவையற்ற எதிர்ப்பொருள்கள் பலவும் கூடவே பெருகுகின்றன. நாட்பட்ட ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளில் கணிசமானவர்களுக்கு ஏதேனும் ஒரு சுய எதிர்ப்பொருள் காணப்படுவதும், ஹெபடைட்டிஸ் பி நோயாளிகளில் சிலருக்கும் அவ்வாறு காணப்படுவதும் இவ்வழிகளில்தான். பெரும்பாலும் இவை குறைந்த அளவிலேயே இருக்கும். நோயை நடத்துவது வைரஸே.

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸின் கதை வேறு. 1950இல் ஸ்வீடன் மருத்துவர் யான் வால்டென்ஸ்ட்ரோம், இளம்பெண்கள் சிலரிடம் ரத்தத்தில் காமா குளோபுலின் (எதிர்ப்பொருள்கள் அடங்கிய புரதங்கள்) மிகுந்து, கல்லீரல் தொடர்ந்து அழற்சியுறுவதை விவரித்தார். 1956இல் ஆஸ்திரேலியாவின் இயான் மக்காய், லூபஸ் என்ற சுயதாக்கு நோய் உள்ளவர்களிடம் காணப்படும் எல்.ஈ. செல்கள் இத்தகைய கல்லீரல் நோயாளிகளிடமும் இருப்பதைக் கவனித்து, ‘லூபாய்டு ஹெபடைட்டிஸ்’ என்று பெயரிட்டார். அந்த எல்.ஈ. செல்லை உண்டாக்குவது, செல்லின் கருவைத் தாக்கும் சுய எதிர்ப்பொருள். அதைத்தான் இன்று ஏ.என்.ஏ. என்கிறோம். 1965இல், இரைப்பை, ரத்தக்குழாய் போன்றவற்றின் சுவரிலுள்ள மென்தசைக்கு எதிரான எதிர்ப்பொருளும், 1973இல் மாரியோ ரிசெட்டோவின் குழுவால் எல்.கே.எம். எதிர்ப்பொருளும் கண்டறியப்பட்டன. ஹெபடைட்டிஸ் சி வைரஸ் 1989 வரை அடையாளம் காணப்படவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அதுவரை, ‘ஏயும் இல்லை, பியும் இல்லை’ என்று மட்டுமே சொல்லப்பட்ட அந்தத் தொற்று சிலரிடம் சுய எதிர்ப்பொருளோடு ஒளிந்திருந்தால், அதைத் தனியே பிரித்துக் காட்ட எந்தப் பரிசோதனையும் இல்லை.

ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் ஏன் வருகிறது என்பதற்கு, மரபில் ஓர் ஏதுநிலை இருக்க வேண்டும், அதன்மேல் ஏதேனும் ஒரு தூண்டுதல் விழ வேண்டும் என்ற அளவில் விடை சொல்லலாம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். ஏ.என்.ஏ.வும் மென்தசை எதிர்ப்பொருளான ஏ.எஸ்.எம்.ஏ.வும் காணப்படுவதை முதல் வகை என்றும், எல்.கே.எம்.1 அல்லது எல்.சி.1 என்ற இன்னொரு சுய எதிர்ப்பொருள் காணப்படுவதை இரண்டாம் வகை என்றும் பிரிக்கிறார்கள். இரண்டாம் வகை பெரும்பாலும் சிறுமியரிடமும் இளம்பெண்களிடமும் தோன்றுகிறது.

இங்கே பலரும் எண்ணுவதற்கு மாறான ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். கல்லீரலை அழிப்பது இந்த எதிர்ப்பொருள்கள் அல்ல என்பதே பொதுவான கருத்து. அழிப்பதில் முதன்மைப் பங்கு டி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது. ஏ.என்.ஏ.வின் இலக்கு செல்லின் கருவுக்குள் இருக்கிறது. உயிருள்ள செல்லுக்குள் புகுந்து அதை எதிர்ப்பொருள் எளிதில் எட்ட முடியாது. புகை தீயைக் காட்டுவதுபோல எதிர்ப்பொருள் நோயைக் காட்டுகிறது; எரிப்பது புகை அல்ல. ஆகவே, பெரியவர்களில் ஏ.என்.ஏ. அளவு கூடினால் நோய் கூடியது என்றோ, குறைந்தால் குணமாயிற்று என்றோ கணக்கிட முடியாது.

பரிசோதனை எப்படி நடக்கிறது என்று ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால், அறிக்கையிலுள்ள எண்கள் தாமாகவே புரியும். மலையில் எடுத்த ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்த சீரம், குளிர்ப்பெட்டியில் கீழே கோயம்புத்தூருக்குப் போகிறது. அங்கே ஒரு கண்ணாடித் தகட்டில், எலியின் கல்லீரல், சிறுநீரகம், இரைப்பை ஆகிய மூன்றின் மெல்லிய சீவல்கள் அருகருகே ஒட்டப்பட்டிருக்கும். அதன்மேல் நோயாளியின் சீரத்தை ஒரு சொட்டு விட்டு, அரைமணி நேரம் ஈரப் பெட்டியில் வைத்துக் கழுவுகிறார்கள். சீரத்தில் சுய எதிர்ப்பொருள் இருந்தால் அது திசுவில் ஒட்டிக்கொண்டு கழுவலில் போகாமல் நிற்கும். அடுத்து, மனித எதிர்ப்பொருளோடு மட்டும் ஒட்டக்கூடிய, ஒளிரும் சாயம் பூசிய இன்னொரு எதிர்ப்பொருளை விட்டு மீண்டும் கழுவி, இருட்டறையில் நுண்ணோக்கியின் கீழ் வைக்கிறார்கள். ஒட்டிய இடங்களெல்லாம் கறுப்புப் பின்னணியில் ஆப்பிள் பச்சையாக ஒளிரும்.

எது ஒளிர்கிறது என்பதில்தான் பொருள் இருக்கிறது. செல்களின் கரு மட்டும் வட்ட வட்டமாக ஒளிர்ந்தால் அது ஏ.என்.ஏ. இரைப்பைச் சுவரின் தசைப் படலமும் ரத்தக்குழாய்ச் சுவர்களும் ஒளிர்ந்தால் மென்தசை எதிர்ப்பொருள். அதிலும் சிறுநீரகச் சீவலை நிதானமாகப் பார்க்க வேண்டும்: ரத்தக்குழாய்கள் மட்டும் ஒளிர்ந்தால், அது வைரஸ் நோயிலும் வேறு தொற்றுகளிலும் வரக்கூடிய பொதுவான வகை, குழாய்களோடு வடிகட்டும் முடிச்சுகளும், சிறுநீர் நுண்குழல்களைச் சுற்றிய இழைகளும் சேர்ந்து ஒளிர்ந்தால், எதிர்ப்பொருள் ஆக்டின் இழைகளைக் குறிவைக்கிறது என்று பொருள், அது ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸை வலுவாகச் சுட்டும். கல்லீரல் செல்களின் உடலும் சிறுநீரகத்தின் அண்மைக் குழல்களும் ஒளிர்ந்து, இரைப்பை இருண்டே கிடந்தால் எல்.கே.எம்.1. இரைப்பையின் செல்களும் சேர்ந்து ஒளிர்ந்தால் அது எல்.கே.எம். அன்று, பித்தநாள நோயைக் காட்டும் ஏ.எம்.ஏ.; அவசரத்தில் பார்ப்பவர்கள் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது உண்டு. இவ்வளவு விவரங்களும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுவதே எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம். அறிக்கையில் எந்த வகை ஒளிர்வு என்று குறிக்காத ஆய்வகத்திடம், அதைக் கேட்டு எழுதி வாங்குவது நோயாளியின் உரிமை.

அடுத்தது, 1:40, 1:80, 1:320 என்று வரும் எண்கள். நம் வீட்டு டிகாஷனை வைத்துச் சொல்கிறேன். ஒரு கரண்டி டிகாஷனில் 39 கரண்டி வெந்நீர் ஊற்றினால் அது 1:40. அதிலும் தேயிலையின் நிறம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அந்தக் கலவை மொத்தத்துக்கும் சமமான அளவு நீரை மீண்டும் ஊற்றினால் 1:80. மறுபடியும் இரட்டித்தால் 1:160. எந்த அளவு வரை நிறம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதுவே டிகாஷனின் திடம். சீரத்தையும் இப்படியே நீர்க்கச் செய்துகொண்டு போய், கடைசியாக எதுவரை ஒளிர்வு தெரிகிறது என்பதை டைட்டர் என்று குறிக்கிறார்கள். ஆகவே 1:40 என்பது மெல்லிய டிகாஷன், 1:640 என்பது கடுந்திடம். 1997இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், நோய் எதுவும் இல்லாதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு 1:40 அளவிலும், இருபதில் ஒருவருக்கு 1:160 அளவிலும் ஏ.என்.ஏ. காணப்பட்டது. கொழுப்புக் கல்லீரல் உள்ளவர்களிடமும் இது குறைந்த அளவில் அடிக்கடி தென்படுகிறது. குழந்தைகளின் நிலை வேறு, அவர்களுக்கு ஏ.என்.ஏ. 1:20, எல்.கே.எம்.1 1:10 என்ற சிறிய அளவுகளே கவனத்துக்குரியவை.

எல்லா சுய எதிர்ப்பொருள்களும் இப்படி இரு பக்கமும் சாய்பவை அல்ல. எஸ்.எல்.ஏ. என்ற ஒன்று ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸில் சிறு பங்கினருக்கே காணப்படும். ஆனால் காணப்பட்டால், வைரஸ் நோயில் அது வருவது மிக அரிது என்பதால், அதன் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம். எலித் திசுவில் இதைப் பார்க்க முடியாது. எலைசா போன்ற வேறு முறை வேண்டும். இதற்கு எதிரான நிலையும் உண்டு: நோய் தெளிவாக இருந்தும், தொடக்கத்தில் எந்தச் சுய எதிர்ப்பொருளும் காணப்படாதவர்களும் இருக்கிறார்கள். நெகட்டிவ் என்று வந்தால் நோய் இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது.

சரி, மருத்துவர் இரண்டையும் எப்படிப் பிரிக்கிறார்? முதல் வேலை வைரஸைத் தேடுவது. ஹெபடைட்டிஸ் பிக்கு, வைரஸின் மேற்பரப்புப் புரதமான எச்.பி.எஸ்.ஏ.ஜி.யும், பழைய தொற்றைக் காட்டும் கோர் எதிர்ப்பொருளும். சிக்கு எதிர்ப்பொருளும், அது இருந்தால் வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வும். திடீரென்று மஞ்சள் காமாலை வந்தவர்களுக்கு, நீரின் வழியாகப் பரவும் ஏ, ஈ வைரஸ்களையும் தேட வேண்டும். மழைக்காலத்தில் ஊற்று நீரையும் ஓடை நீரையும் கொதிக்கவைக்காமல் குடிக்கும் ஊர்களில் இதை மறக்கவே கூடாது. கூடலூர்ப் பக்கத்திலும் மற்றப் பகுதிகளிலும் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் ரத்தசோகை இருப்பதால், கண் மஞ்சளாவதற்குக் கல்லீரல் காரணமாக இல்லாமல் ரத்த அணுக்கள் உடைவதே காரணமாகவும் இருக்கலாம் என்பதை மலை மருத்துவர்கள் மனத்தில் வைத்திருப்பார்கள்.

ஹெபடைட்டிஸ் சிக்கு எதிர்ப்பொருள் பரிசோதனையோடு நிற்காமல் ஆர்.என்.ஏ.வும் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 1990 வாக்கில் வந்த முதல் தலைமுறை ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை, ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் நோயாளிகள் பலருக்கு வைரஸ் இருப்பதாகத் தவறாகக் காட்டியது. அவர்கள் ரத்தத்தில் குளோபுலின் மிகுந்திருந்ததே அதற்குக் காரணம். வைரஸ் நோயில் சுய எதிர்ப்பொருள் பொய்யாக வழிகாட்டுவதுபோல, சுயதாக்கு நோயில் வைரஸ் எதிர்ப்பொருளும் பொய்யாக வழிகாட்டியது. அக்காலத்தில் ஹெபடைட்டிஸ் சிக்கு இருந்த மருந்து இன்டர்ஃபெரான். எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் அந்த ஊசியை ஆட்டோஇம்யூன் நோயாளிக்குப் போட்டால் கல்லீரல் மேலும் கொந்தளிக்கும். மறுபுறம், ஹெபடைட்டிஸ் பி உள்ளவருக்கு, எதிர்ப்பாற்றலை அடக்கும் ஸ்டீராய்டு கொடுத்தால் அடங்கிக் கிடந்த வைரஸ் பெருகி, கல்லீரல் செயலிழப்புக்கே கொண்டுபோய்விடலாம். ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி பரிசோதனை தவறாமல் செய்யப்பட வேண்டும் என்பது இதனால்தான்.

வைரஸுக்கு அடுத்தபடி, ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருள்களின் முக்கிய வகையான ஐ.ஜி.ஜி.யின் அளவு. அதற்கும் அடுத்து, ஊசியால் கல்லீரலின் சிறு துண்டை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸில், கல்லீரல் செல் கூட்டத்தின் விளிம்பை அரித்துக்கொண்டு அழற்சி உள்ளே நுழைவதும், அங்கே எதிர்ப்பொருளைச் சுரக்கும் பிளாஸ்மா செல்கள் குவிந்திருப்பதும் தெரியும். பயாப்ஸி என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். ஆண்டுக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டிய ஒரு நோயை எதிர்ப்பொருள் ஒன்றை மட்டும் நம்பி முடிவுசெய்வதைவிட, ஒருநாள் மருத்துவமனையில் படுத்திருப்பது மேல் என்பதே என் எண்ணம். 2008இல் பன்னாட்டு வல்லுநர் குழு எளிமைப்படுத்திய மதிப்பெண் முறை, இந்த நான்கையும் சேர்த்து எடைபோடுகிறது. சுய எதிர்ப்பொருளுக்கு அதிகபட்சம் 2, ஐ.ஜி.ஜி.க்கு 2, பயாப்ஸிக்கு 2, வைரஸ் இல்லை என்பதற்கு 2. மொத்தம் 6 வந்தால் ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸாக இருக்கக்கூடும், 7 அல்லது அதற்கு மேல் வந்தால் உறுதி. ஏ.என்.ஏ. எவ்வளவு உயர்ந்திருந்தாலும் 2 மதிப்பெண்ணுக்கு மேல் கிடைக்காது என்பதைக் கவனித்தால், அந்தத் தடித்த எழுத்து வரிக்கு உரிய இடம் தெரியும்.

தொழிற்சாலைப் பெண்ணின் ஏ.என்.ஏ. 1:320. மென்தசை எதிர்ப்பொருள் ஆக்டின் வகையைச் சேர்ந்தது. ஐ.ஜி.ஜி. இயல்பைவிட இருமடங்கு, வைரஸ்கள் இல்லை, பயாப்ஸி தெளிவு, ஆக 8. ஓட்டுநரின் ஏ.என்.ஏ. 1:80, அதற்கு 2, சற்றே உயர்ந்திருந்த ஐ.ஜி.ஜி.க்கு 1, ஆக 3. அவருடைய ஆர்.என்.ஏ. பரிசோதனையில் வைரஸ் லட்சக்கணக்கில் இருந்தது. 1994இல் மலைப்பாதை விபத்து ஒன்றில் அடிபட்டு அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தார்கள். ஒவ்வொரு ரத்தப் பையையும் ஹெபடைட்டிஸ் சிக்குப் பரிசோதிப்பது இந்தியாவில் கட்டாயமானது 2000களின் தொடக்கத்தில்தான். அதற்கு முன் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனையைச் செய்துகொள்வது நல்லது.

இன்னொன்றையும் கேட்காமல் எந்த மருத்துவரும் முடிவுக்கு வரக்கூடாது: என்ன மருந்து சாப்பிட்டீர்கள்? நைட்ரோஃபுரான்டோயின், மினோசைக்ளின் போன்ற மருந்துகள், சுய எதிர்ப்பொருளோடு கூடிய, பயாப்ஸியிலும் ஒத்திருக்கும் கல்லீரல் அழற்சியை உண்டாக்குவது நெடுங்காலமாகத் தெரிந்தது. கோவிட் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்கென்று சீந்தில் கொடியைக் கஷாயமாகவும் மாத்திரையாகவும் வாரக்கணக்கில் குடித்தவர்களில் சிலருக்கும் அதே தோற்றத்தில் கல்லீரல் பாதிப்பு வந்ததை, இந்தியாவின் பல மருத்துவமனைகள் பதிவுசெய்தன. நிறுத்தியதும் பலருக்குச் சரியாயிற்று. சிலருக்கு ஸ்டீராய்டு தேவைப்பட்டது. நாட்டு மருந்து சாப்பிட்டதைச் சொன்னால் மருத்துவர் திட்டுவார் என்று மறைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், திட்டினாலும் சொல்லிவிடுங்கள். கீழாநெல்லி குடித்து மஞ்சள் காமாலை இறங்கியது என்பவர்களில் பெரும்பாலோருக்கு வந்தது, தானே அடங்கக்கூடிய ஏ அல்லது ஈ வைரஸாக இருந்திருக்கும். ஆட்டோஇம்யூன் ஹெபடைட்டிஸ் அப்படித் தானே அடங்குவதில்லை. மஞ்சள் இறங்கினாலும் உள்ளே கல்லீரல் தழும்பேறிச் சுருங்கிக்கொண்டே போகலாம்.

ஓட்டுநருக்கு, 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் வைரஸை ஒழிக்கும் மாத்திரைகளான சோபோஸ்புவிரும் டக்லடஸ்விரும் 12 வாரங்களுக்கு இலவசமாகக் கிடைத்தன. மாத்திரை முடிந்து 12 வாரம் கழித்துச் செய்த பரிசோதனையில் வைரஸ் இல்லை. பெண்ணுக்கு பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டைத் தொடங்கி, சில வாரங்களில், எதிர்ப்பாற்றலை அடக்கும் இன்னொரு மருந்தான அசதயோபிரினைச் சேர்த்து, பிரெட்னிசோலோனைப் படிப்படியாகக் குறைத்தார்கள். அசதயோபிரின் வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால், முதலில் அடிக்கடியும் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறையும் எங்களிடம் ரத்தம் கொடுக்க வருகிறார். முகம் உப்பியதைக் கண்டு பயந்து, நடுவில் ஒருமுறை அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஆறே வாரத்தில் எஸ்.ஜி.பி.டி. 400ஐத் தாண்டியது, மறுபடி தொடங்கி அடக்க வேண்டியதாயிற்று.

போன மாதம் அவருடைய தாயார் புதிய அறிக்கையை நீட்டி, “இன்னும் அந்த ஏ.என்.ஏ. பாசிட்டிவ்னே இருக்கே சார்” என்றார். யாரும் எழுதித் தராமல் அவராகவே பணம் கட்டிச் செய்த பரிசோதனை அது. அதற்கு மேலே இருந்த இரண்டு வரிகளை விரலால் தொட்டுக் காட்டினேன். எஸ்.ஜி.பி.டி. 28. ஐ.ஜி.ஜி. இயல்பு. இனி பார்க்க வேண்டியவை இந்த இரண்டும்தான் என்று உறையின் மேலேயே எழுதிக் கொடுத்தேன்.